ஹிமாத்ரி ஆய்வு நிலையம்

ஹிமாத்ரி என்பது ஆர்க்டிக் பகுதியில் இந்தியா அமைத்துள்ள முதலாவது ஆய்வு நிலையம் ஆகும். இது நோர்வே நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் நீ-ஓலசுண்ட் என்னும் சிற்றூரில் அமைந்துள்ளது. இந்நிலையம் 2008 ஆம் ஆண்டு ஜூலை 1 ஆம் நாள், அப்போதைய புவி அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் இதனை நிருவகித்து வருகின்றது.

பனியாறுகளின் உருகல், கடல்நீரின் வெப்பநிலை, வளிமண்டலத் துகள்கள், குளிர்நில நுண்ணுயிர்கள் ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன. வெப்பமண்டல நாடான இந்தியா வட முனைக்கு அருகில் பனியை அளப்பது ஏன் என்ற கேள்வி பலருக்கும் எழுவது இயல்பே. பருவமழை, கடல் மட்டம் ஆகிய இரண்டும் இக்கேள்விக்கான விடையின் முதன்மைக் கூறுகள் ஆகும்.

பெயர்க் காரணம்

ஹிமம் என்பது பனியையும், அத்ரி என்பது மலையையும் குறிக்கும் வடமொழிச் சொற்கள் ஆகும். எனவே ஹிமாத்ரி என்பதைத் தமிழில் பனிமலை எனலாம். இமயமலைத் தொடர்களில் மிக உயர்ந்ததாகிய பேரிமயத்திற்கும் இப்பெயர் உண்டு.

அமைவிடம்

நீ-ஓலசுண்ட் ஏறத்தாழ 78°55′ வடக்கு, 11°56′ கிழக்கு ஆள்கூறுகளில், வட முனையில் இருந்து சுமார் 1,200 கிமீ தொலைவில் உள்ளது. புதுச்சேரி நகரம் 11°56′ வடக்கு அகலாங்கில் இருப்பதால், இரண்டுக்கும் இடையே அகலாங்கில் மட்டும் ஏறத்தாழ 67 பாகை வேறுபாடு உண்டு.

ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மொத்தப் பரப்பளவு ஏறத்தாழ 61,000 சதுர கிமீ ஆகும். இது தமிழ்நாட்டின் பரப்பளவில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இந்நிலப்பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி பனியாறுகளால் மூடப்பட்டுள்ளது. பனியாறு என்பது ஆண்டுதோறும் பெய்யும் பனி உருகித் தீராமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகி, தன் எடையினாலேயே சரிவில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள் ஆகும். நீ-ஓலசுண்ட் சிற்றூர் கொங்ஸ்ஃபியோர்டன் என்னும் குடாவின் தென்கரையில் உள்ளது. ஃபியோர்டு என்பது பழங்காலத்தில் பனியாறு குடைந்த பள்ளத்தாக்கினுள் கடல் புகுந்து உருவான, நீண்டு குறுகிய குடாவைக் குறிக்கும். இக்குடாவின் தலைப்பகுதியில் குரோனெபிரீன், கொங்ஸ்வேகன் முதலிய பெரிய பனியாறுகள் கடலில் வந்து முடிகின்றன. நோர்வே மொழியில் 'பிரீன்' என முடியும் பெயர்கள் பனியாற்றையும், 'ஃபியெல்லெட்' என முடிபவை மலையையும் குறிக்கும்.

அட்லாண்டிக் பெருங்கடலில் இருந்து வரும் வெப்ப நீரோட்டம் ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையை ஒட்டிச் செல்கின்றது. அதனால் இவ்விடம் இதே அகலாங்கில் உள்ள பிற இடங்களைப் போல் கடுங்குளிராக இருப்பதில்லை. ஆயினும் ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை கூட 5 அல்லது 6 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். ஏப்ரல் பிற்பகுதியில் இருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை கதிரவன் மறைவதில்லை. அக்டோபர் இறுதியில் இருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை கதிரவன் உதிப்பதில்லை.

வரலாறு

சுரங்கமும் வான்கப்பலும்

நீ-ஓலசுண்ட் முதலில் நிலக்கரிச் சுரங்க ஊராகவே தோன்றியது. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கு நிலக்கரி எடுக்கும் பணி தொடங்கியது. 1926 மே 11 ஆம் நாள், அமுண்ட்சென், நோபிலே, எல்ஸ்வொர்த் ஆகியோர் 'நோர்கே' என்னும் வான்கப்பலில் இங்கிருந்து புறப்பட்டு, வட முனையைக் கடந்து அலாஸ்கா சென்றடைந்தனர். அந்த வான்கப்பலைக் கட்டி வைத்த இரும்புக் கோபுரம் இன்றும் ஊருக்கு வெளியே நிற்கின்றது.

1962 நவம்பர் 5 ஆம் நாள் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 21 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டில் சுரங்கம் நிலையாக மூடப்பட்டது. இவ்விபத்து நோர்வே நாடாளுமன்றத்தில் பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தி, 1963 இல் அந்நாட்டு அரசு கவிழக் காரணமாயிற்று. அதன் பின்னர் இவ்வூர் படிப்படியாக அறிவியல் ஆய்வூராக மாறியது. நோர்வே துருவ நிறுவனம் 1968 இல் இங்கு ஆய்வு நிலையம் அமைத்தது. நிலக்கரி தோண்டிய அதே ஊரில், நிலக்கரியை எரிப்பதனால் காற்றில் சேரும் கரியமில வாயு இன்று அளக்கப்படுகின்றது.

ஸ்வால்பார்ட் உடன்படிக்கை

வேறொரு நாட்டின் மண்ணில் இந்தியா ஆய்வு செய்வதற்கு அடிப்படையாக இருப்பது ஸ்வால்பார்ட் உடன்படிக்கை ஆகும். இது 1920 பெப்ரவரி 9 ஆம் நாள் பாரிஸ் நகரில் கையெழுத்தாகி, 1925 ஆகஸ்ட் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி தீவுக்கூட்டத்தின் மீதான இறையாண்மை நோர்வேக்கு உரியது. ஆனால் உடன்பட்ட நாடுகளின் குடிமக்கள் அனைவரும் அங்கு சென்று வரவும், மீன்பிடித்தல், சுரங்கத் தொழில் முதலியவற்றில் ஈடுபடவும் சம உரிமை உடையவர்கள். போர் நோக்கங்களுக்குத் தீவுகளைப் பயன்படுத்துதல் கூடாது.

அன்று பிரித்தானியப் பேரரசின் பகுதியாக இருந்த இந்தியாவின் சார்பிலும் இவ்வுடன்படிக்கை கையெழுத்தானது. அப்போது புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளை ஆண்டு வந்த பிரான்ஸ் நாடும் தொடக்கத்திலேயே கையொப்பமிட்ட நாடுகளுள் ஒன்று. பிரான்சின் நிலையமும் நீ-ஓலசுண்டிலேயே உள்ளது. 2003 முதல் பிரான்சும் செருமனியும் ஒரே நிலையமாகச் சேர்ந்து இயங்கி வருகின்றன.

இந்தியாவின் வருகை

இந்தியாவின் துருவ ஆய்வு தெற்கில் தொடங்கியது. முதலாவது இந்தியக் குழு 1982 ஜனவரியில் அண்டார்க்டிக்காவில் கால் பதித்தது. அங்கு முதலில் அமைக்கப்பட்ட தட்சிண் கங்கோத்ரி நிலையம் பனியில் புதையுண்டமையால் கைவிடப்பட்டது. அதன் பின் 1989 இல் மைத்ரி நிலையமும், 2012 இல் பாரதி நிலையமும் அமைக்கப்பட்டன.

ஆர்க்டிக்கிற்கான முதல் இந்தியக் குழு 2007 ஆகஸ்டில் நீ-ஓலசுண்ட் சென்றது. நுண்ணுயிரியல், வளிமண்டல அறிவியல், புவியியல் ஆகிய துறைகளில் அக்குழு பணியாற்றியது. அடுத்த ஆண்டிலேயே ஹிமாத்ரி திறக்கப்பட்டது. 2013 மே மாதத்தில் இந்தியாவுக்கு ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளர் தகுதி கிடைத்தது. 2022 மார்ச்சில் நடுவண் அரசு தனது ஆர்க்டிக் கொள்கையை வெளியிட்டது.

தொடக்க ஆண்டுகளில் ஹிமாத்ரியில் பெரும்பாலும் கோடைக் காலத்திலேயே பணிகள் நடைபெற்றன. முதலாவது குளிர்காலக் குழு 2023 டிசம்பர் 18 ஆம் நாள் வழியனுப்பி வைக்கப்பட்டது.

ஆய்வுகள்

பனியாற்று அளவீடு

பனியாறு ஒன்றின் நலத்தை அறிய அதன் நிறைச் சமநிலையை அளக்கின்றனர். இது வரவு செலவுக் கணக்கைப் போன்றது. குளிர்காலத்தில் விழும் பனி வரவு, கோடையில் உருகி ஓடும் நீரும் கடலில் உடைந்து விழும் பனிப்பாளங்களும் செலவு. வரவை விடச் செலவு மிகுந்தால் பனியாறு மெலிகின்றது.

இதற்கான முறை எளிமையானது. பனியாற்றின் மேற்பரப்பில் பல இடங்களில் ஆழமாகத் துளையிட்டு நீண்ட கழிகள் நடப்படுகின்றன. கோடையின் தொடக்கத்திலும் முடிவிலும் கழியின் எவ்வளவு நீளம் வெளியே தெரிகின்றது என அளந்து, உருகிய பனியின் தடிப்பைக் கணிக்கின்றனர். இளவேனிலில் பனியில் குழி தோண்டி, படிந்த புதுப்பனியின் ஆழமும் அடர்த்தியும் அளக்கப்படுகின்றன. பின்னர் இவை நீரின் அளவாக மாற்றப்படுகின்றன. செய்மதிப் படங்கள் பரந்த பரப்பைக் காட்டினாலும், அவற்றைச் சரிபார்க்கக் களத்தில் நடப்பட்ட கழிகள் தேவைப்படுகின்றன.

இந்திய ஆய்வாளர்கள் நீ-ஓலசுண்டிற்கு அருகில் உள்ள மேற்கு புரோகர் பனியாறு, குடாவின் மறுகரையில் உள்ள ஃபைரிங் பனியாறு ஆகியவற்றை அளந்து வந்துள்ளனர். அருகில் உள்ள கிழக்கு புரோகர் பனியாற்றை நோர்வே துருவ நிறுவனம் 1967 முதல் அளந்து வருகின்றது. ஸ்வால்பார்டின் மிக நீண்ட இவ்வளவீட்டுத் தொடரில் ஏறத்தாழ எல்லா ஆண்டுகளிலும் செலவே மிகுந்துள்ளது. 2024 ஆம் ஆண்டின் ஒரே கோடையில் ஸ்வால்பார்ட் தன் மொத்தப் பனியில் ஏறத்தாழ 1 விழுக்காட்டை இழந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

இத்தகைய தொடர்களின் மதிப்பு அவற்றின் தொடர்ச்சியில் உள்ளது. ஓர் ஆண்டு அளக்கத் தவறினால் அவ்வாண்டின் கள அளவைப் பின்னர் எவராலும் பெற இயலாது. பனியாறு மறைந்த பின்னர் அதனை அளக்கவே இயலாது.

இண்டார்க் கடலடி நிலையம்

2014 ஜூலையில், கொங்ஸ்ஃபியோர்டன் குடாவில் ஏறத்தாழ 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் இண்டார்க் என்னும் கடலடி அளவீட்டு அமைப்பு நிறுவப்பட்டது. இதனை வடிவமைத்து உருவாக்கியது சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஆகும். கடலடியில் நங்கூரமிட்ட ஒரு வடத்தில் வெவ்வேறு ஆழங்களில் உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன. கடல்நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம் முதலியவற்றை இவை தாமாகவே பதிவு செய்கின்றன. கப்பல் செல்ல இயலாத குளிர்காலத்திலும் பதிவு நிற்பதில்லை என்பதே இதன் சிறப்பு. வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் குடாவினுள் எப்போது, எவ்வளவு புகுகின்றது என்பதை இத்தரவுகளில் இருந்து அறியலாம். பனியாற்றின் முகப்பை அடியில் இருந்து அரிப்பது இந்நீரே.

வளிமண்டல ஆய்வு

ஊரின் ஓரத்தில் உள்ள குருவெபாடெட் கட்டடத்தில் 2016 முதல் இந்தியாவின் வளிமண்டலக் கருவிகள் இயங்கி வருகின்றன. இப்பெயருக்குச் சுரங்கக் குளியலறை என்பது பொருள். சுரங்கத் தொழிலாளர் கரி கழுவிய கட்டடத்தில் இன்று காற்றில் மிதக்கும் கரித்துகள் அளக்கப்படுகின்றது. தெற்கே இருந்து காற்றில் வரும் இத்துகள்கள் பனியின் மீது படிந்தால், வெண்பனி கருமை அடைந்து வெயிலை மிகுதியாக உறிஞ்சி விரைந்து உருகும்.

எரிமலைச் சான்றுகள்

ஸ்வால்பார்டில் இன்று சீறும் எரிமலை எதுவும் இல்லை. ஆயினும் நீ-ஓலசுண்டிற்கு வடக்கே, பொக்ஃபியோர்டன் குடாப் பகுதியில் ஸ்வெர்ரெஃபியெல்லெட், ஹால்வ்டன்பிக்கன், சிகுர்ட்ஃபியெல்லெட் என்னும் மூன்று அணைந்த எரிமலைகளின் எச்சங்கள் உள்ளன. புவியியல் காலக் கணக்கில் இவை மிக அண்மையான குவாட்டர்னரிக் காலத்தைச் சேர்ந்தவை. இவற்றின் எரிமலைக் குழம்பு, புவியின் மூடகப் பகுதியைச் சேர்ந்த பாறைத் துண்டுகளையும் மேலே கொண்டு வந்துள்ளது. அருகிலேயே வெந்நீர் ஊற்றுக்களும் உள்ளன.

ஸ்வெர்ரெஃபியெல்லெட் பாறைகளில் காணப்படும் கார்பனேட் படிவுகள், அண்டார்க்டிக்காவில் கண்டெடுக்கப்பட்ட ஆலன் ஹில்ஸ் 84001 என்னும் செவ்வாய்க் கோள் விண்கல்லில் உள்ளவற்றை ஒத்துள்ளன. ஆகவே செவ்வாய்க்கு அனுப்பப்படும் கருவிகளைச் சோதித்துப் பார்க்க நாசா ஆதரவு பெற்ற ஆய்வுக் குழுக்கள் இங்கு வந்துள்ளன.

சீறும் எரிமலையும் பனியாறும் ஒன்றாக உள்ள இடங்களைக் காண இன்னும் தெற்கே செல்ல வேண்டும். நோர்வேக்கு உரிய யான் மாயன் தீவில் 2,277 மீட்டர் உயரமுள்ள பீரென்பெர்க், உலகின் வடகோடியில் கடல் மட்டத்திற்கு மேல் உள்ள சீறும் எரிமலை ஆகும். இது 1970 இலும் 1985 இலும் சீறியது. ஐஸ்லாந்தில் 2010 இல் ஐயாஃபியாட்லயோகுட்ல் பனிமுடியின் அடியில் இருந்த எரிமலை சீறியபோது எழுந்த சாம்பல், ஐரோப்பிய வான் போக்குவரத்தைப் பல நாட்கள் முடக்கியது. உருகிய பனிநீரைத் தொட்டதும் எரிமலைக் குழம்பு திடீரெனக் குளிர்ந்து நுண்துகளாக நொறுங்கியதே சாம்பல் மிகுந்ததற்கு ஒரு காரணம்.

பருவமழையுடனான தொடர்பு

தொலைவில் உள்ள பனிக்கும் இந்திய மழைக்கும் தொடர்பு உண்டு என்ற கருத்து புதியதன்று. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்ட் 1884 இலேயே, இமயத்தில் பனி மிகுந்த ஆண்டுகளில் பருவமழை குன்றும் என்னும் கருத்தை முன்வைத்தார்.

ஆர்க்டிக் பகுதி 1979 முதல் உலகச் சராசரியை விட ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளது. வெண்மையான கடற்பனி வெயிலைத் திருப்பி அனுப்புகின்றது. அது உருகியதும் கருநிறக் கடல் அவ்வெயிலை உறிஞ்சுகின்றது, அதனால் மேலும் பனி உருகுகின்றது. இம்மாற்றம் மேல்வளிமண்டலக் காற்றோட்டங்களையும் பாதிக்கக்கூடும். காரா கடலில் கோடைக் கடற்பனி குறைவதற்கும், பருவமழையின் இறுதிக் கட்டமான செப்டம்பரில் நடு இந்தியாவில் பெருமழை பெய்வதற்கும் தொடர்பு இருக்கலாம் என 2021 இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று கூறுகின்றது. இது கருதுகோள் நிலையிலேயே உள்ளது. உறுதி செய்ய நீண்ட காலத் தரவுகள் வேண்டும்.

தமிழகக் கடற்கரைக்கும் புதுச்சேரிக்கும் பெரும்பகுதி மழை வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கின்றது. எனினும் காவிரியில் வரும் நீர் கருநாடகத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைச் சார்ந்தது. காவிரியின் கடைமடையில் உள்ள காரைக்கால் உழவருக்குத் தென்மேற்குப் பருவமழை ஏன் முதன்மையானது என்பது இதனால் விளங்கும்.

கடல் மட்டமும் கடற்கரையும்

கடலில் மிதக்கும் பனி உருகுவதனால் கடல் மட்டம் நேரடியாகக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்வதில்லை. குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினாலும் நீர் வழிவதில்லை என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நிலத்தின் மீதுள்ள பனியாறு உருகிக் கடலில் சேர்ந்தால் மட்டம் உயரும். ஸ்வால்பார்டின் பனி முழுவதும் உருகினாலும் உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 1.5 முதல் 2 செமீ வரையே உயரும். கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினாலோ அது 7 மீட்டருக்கும் மேல் உயரும். ஸ்வால்பார்டின் பனி அளவில் சிறிது, ஆனால் விரைவில் மாறுவது. அதனால் பெரிய பனித்திணிவுகளில் பின்னர் நிகழக்கூடியதை முன்னதாகக் காட்டும் களமாக அது கருதப்படுகின்றது.

கரை அரிப்பு அனைத்தையும் பனி உருகலின் மீது ஏற்றிக் கூறுதல் சரியன்று. புதுச்சேரி நகரக் கடற்கரையின் மணல் மறைந்ததற்கு முதன்மைக் காரணம், 1980 களின் பிற்பகுதியில் துறைமுகத்திற்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணல் நகர்வைத் தடுத்ததே ஆகும். இண்டார்க்கை உருவாக்கிய அதே சென்னைக் கழகம், 2018 இல் இங்கு கடலுக்குள் எஃகினால் ஆன ஆப்பு வடிவத் திட்டை அமைத்தது. அதன் பின் மணல் மீண்டும் சேர்ந்தது. ஆயினும் கடல் மட்டம் தொடர்ந்து உயருமானால் இவ்வகை அமைப்புகளின் கணக்கீடுகளையும் மாற்ற வேண்டி வரும்.

நிலைய வாழ்க்கை

ஆய்வாளர்கள் ஒஸ்லோ வழியாக லோங்யீர்பியென் நகருக்குச் சென்று, அங்கிருந்து சிறிய விமானத்தில் நீ-ஓலசுண்டை அடைகின்றனர். கோடையில் நூற்றுக்கு மேற்பட்டோரும், குளிர்காலத்தில் முப்பது, நாற்பது பேரும் இங்கு தங்குகின்றனர். பல நாட்டினரும் பொது உணவுக்கூடத்தில் ஒன்றாக உண்கின்றனர்.

இங்கு கைப்பேசி, கம்பியில்லா இணையம், புளூடூத் ஆகியவற்றை இயக்கத் தடை உள்ளது. தொலைதூர விண்பொருட்களில் இருந்து வரும் மிக மெல்லிய வானொலி அலைகளைப் பெற்று, புவியின் சுழற்சியையும் கண்டத்தட்டுகளின் நகர்வையும் அளக்கும் அலைவாங்கிகள் இங்குள்ளமையே காரணம். கணினிகள் கம்பி வழியாகவே இணைக்கப்படுகின்றன.

ஊர் எல்லைக்கு வெளியே பனிக்கரடிகள் நடமாடுகின்றன. எனவே களப்பணிக்குச் செல்லும் குழுவினர் துப்பாக்கிப் பயிற்சி பெற்று, ஆயுதத்துடனேயே செல்ல வேண்டும். எதிர்பாராமல் கரடியைக் காண்போர் ஓடி ஒதுங்குவதற்காக, ஊரில் உள்ள கட்டடங்களின் கதவுகள் பூட்டப்படுவதில்லை.

குறைபாடுகளும் எதிர்காலமும்

பனிக்கடலில் செல்லத்தக்க துருவ ஆய்வுக் கப்பலை இந்தியா உள்நாட்டில் கட்டியதில்லை. இதனால் கடற்பகுதி ஆய்வுகளுக்குப் பிற நாட்டுக் கப்பல்களைச் சார்ந்திருக்க வேண்டியுள்ளது. இண்டார்க்கும் நோர்வேக் கப்பலில் இருந்தே கடலில் இறக்கப்பட்டது. உள்நாட்டில் இத்தகைய கப்பலைக் கட்டுவதற்கு, 2025 ஜூன் மாதத்தில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் நோர்வேயின் கொங்ஸ்பெர்க் நிறுவனத்துடன் புரிந்துணர்வு உடன்பாடு செய்து கொண்டது.

இமயப் பனியாறுகள் இந்தியாவிற்கு அருகில் இருக்க, ஆர்க்டிக் ஆய்வு எதற்கு என்ற கேள்வியும் எழுப்பப்படுவதுண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஹிமாத்ரியை நிருவகிக்கும் அதே மையம், 2016 இல் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பகுதியில் 4,000 மீட்டர் அளவு உயரத்தில் ஹிமான்ஷ் என்னும் நிலையத்தையும் அமைத்துள்ளது. அண்டார்க்டிக்கா, ஆர்க்டிக், இமயம் ஆகிய மூன்று பனிப்பகுதிகளிலும் ஒரே வகை அளவீடுகளைச் செய்து ஒப்பிடும் வாய்ப்பு இதனால் இந்திய ஆய்வாளர்களுக்குக் கிடைத்துள்ளது.

இவற்றையும் பார்க்க

மைத்ரி ஆய்வு நிலையம்
பாரதி ஆய்வு நிலையம்
ஸ்வால்பார்ட்
பனியாறு
பருவப் பெயர்ச்சிக் காற்று